கசீபோ தின்ற வீரன்: தப்பு யார் மேல?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கேம் விளையாடுறவங்க நடுவுல ஒரு பழைய கதை உலாவுது. அதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கல. சிரிப்பு வர்றதுல தப்பே இல்ல. ஆனா சிரிச்சு முடிச்சதும் எல்லாரும் ஒரே ஆளைக் கைகாட்டி "என்னா லூசுடா இவன்" என்கிறார்கள் பாருங்க, அங்கதான் எனக்கு உடன்பாடு இல்ல. அந்தக் கதையில தப்பு வேற ஆள் மேல. அந்த வேற ஆள் நாமளாகவும் இருக்கலாம், அதுவும் ஃபைனல் இயர் வந்துட்டோம்னா.

முதல்ல இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு நாலு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற ரெண்டு பேர். விளையாட ஒரு மேஜை, கொஞ்சம் பேப்பர், பென்சில், 4 முகத்துல இருந்து 20 முகம் வரைக்கும் விதவிதமான பகடை, இவ்வளவு போதும். ஒருத்தர் கதை சொல்லி. அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தி திருடி, இன்னொருத்தன் பேலடின், அதாவது தர்மத்துக்காகச் சத்தியம் செஞ்சு கொடுத்த வீரன். மாஸ்டர் "எதிர்ல ஆறு ஓடுது" என்றால் அங்கே ஆறு ஓடும். "நான் நீந்திப் போறேன்" என்று நீங்க சொன்னா, 20 முகப் பகடையை உருட்டணும். 20 விழுந்தா கெத்து. 1 விழுந்தா மூக்குல தண்ணி.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கம்ப்யூட்டர் கேம் மாதிரி திரையில எதுவும் தெரியாது. மாஸ்டர் வாயிலிருந்து வர்ற வார்த்தைதான் உங்களுக்குக் கண்ணு.

இப்போ கதை. அமெரிக்காவில், 1970-களில், இந்த வகை விளையாட்டுகள் அப்பத்தான் முளைச்ச காலம். அப்படி ஒரு ஆட்டத்துல நடந்ததை ரிச்சர்ட் ஆரன்சன் என்பவர் எழுத, 1980-களில் அது அச்சுல வந்தது. 'எரிக் அண்ட் த டிரெட் கசீபோ' என்ற பேர்ல ஊர் ஊரா பரவிடுச்சு. எரிக்கோட பாத்திரம் ஒரு பேலடின். ஒரு பிரபுவோட நிலத்துக்குள்ள நுழைகிறான். நல்லாப் பராமரிச்ச தோட்டம், நடுவுல சின்னக் குன்று, அது மேல ஒரு கசீபோ இருக்கு என்கிறார் மாஸ்டர்.

எரிக்குக்கு அந்த வார்த்தை தெரியாது. நம்ம ஆளுங்க ரிசார்ட் ஃபோட்டோல பார்த்திருப்பீங்க, புல்வெளி நடுவுல சுத்தித் தூண் நிறுத்தி மேல கூரை போட்டு, சுவர் இல்லாம, காத்தாட உட்கார ஒரு குட்டி மண்டபம் இருக்குமே, அதுதான் கசீபோ.

எரிக் பொறுப்பா விசாரிக்க ஆரம்பிக்கிறான். என்ன நிறம்? வெள்ளை. எவ்வளவு தூரம்? 50 கெஜம் இருக்கும். எவ்வளவு பெரிசு? 30 அடி அகலம், 15 அடி உயரம், உச்சி கூரா இருக்கும். சரி, என் வாளை வெச்சு அது நல்லதா என்று மந்திர சோதனை செய்யுறேன். நல்லதும் இல்ல ஒண்ணும் இல்ல, அது கசீபோ. சத்தம் போட்டுக் கூப்பிடுறேன். பதில் வராது, அது கசீபோ. வில்லை எடுத்து அம்பு விடுறேன். இப்போ அம்பு குத்தின ஒரு கசீபோ அங்க நிக்குது. காயம் படலையா? படாது! அது கசீபோ! ஆனா நான் விட்டது சாதா அம்பு இல்லையே, மந்திர அம்பாச்சே!

இந்த இடத்துல மாஸ்டருக்குப் பொறுமை போயிடுச்சு. கோடாலியால வெட்டலாம், தீ வெச்சுக் கொளுத்தலாம், ஆனா எவனாவது அதைச் செய்வானா என்று கத்துகிறார். எரிக் நிலைமையை எடை போடுகிறான். மந்திர அம்புக்கே அசையல. கையில கோடாலியும் இல்ல, நெருப்பும் இல்ல. "நான் ஓடிப் போறேன்" என்கிறான். வெறுத்துப் போன மாஸ்டர், நேரம் கடந்துடுச்சு, கசீபோவை எழுப்பிட்ட, அது உன்னைப் பிடிச்சுத் தின்னுடுச்சு என்று முடித்துவிடுகிறார். எரிக்கோ அடுத்த ஆட்டத்துல நெருப்பு மந்திரவாதியா வந்து என் பேலடினுக்காகப் பழி வாங்குறேன் என்று யோசிக்கிறான். அதுக்கப்புறம்தான், அதுவரை ரசிச்சுக்கிட்டு இருந்த சக ஆட்டக்காரர்கள் கசீபோன்னா என்ன என்று அவனுக்குச் சொல்கிறார்கள்.

சிரிச்சாச்சா? இப்போ வழக்கை எடுப்போம்.

எரிக் மேல இருக்கிற முதல் குற்றச்சாட்டு, "தெரியலைன்னா கேட்க வேண்டியதுதானே?" ஐயா, அவன் கேட்டான். நிறம், தூரம், அளவு, குணம், பதில் வருதா, காயம் பட்டுதா என்று அந்த ஆட்டம் முழுக்க அவன் கேள்விதான் கேட்டுட்டு இருந்தான். கேட்காத ஒரே கேள்வி, "கசீபோன்னா என்ன?" அது ஏன் வரல? அவனுக்குத் தெரியாதுன்னு அவனுக்கே தெரியாது. ஏதோ ஒரு ராட்சசப் பிராணி என்று முடிவு கட்டிட்டான். முடிவு கட்டின மனசுக்கு அர்த்தம் கேட்கத் தோணாது. விவரம்தான் கேட்கத் தோணும்.

அந்த முடிவு முட்டாள்தனமும் இல்ல. இந்த மாதிரி விளையாட்டுல என்னென்ன ஜந்து வரும்னு தெரிஞ்சா ஒத்துக்குவீங்க. ஜெலட்டினஸ் கியூப் என்று ஒண்ணு இருக்கு. பத்தடிக்குப் பத்தடி, கண்ணாடி மாதிரி ஜெல்லிக் கட்டி. குகைப் பாதையை அடைச்சுக்கிட்டு நகர்ந்து வந்து ஆளை அப்படியே விழுங்கும். 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்துல மிமிக் என்று ஒண்ணு. பார்க்கப் புதையல் பெட்டி மாதிரியே இருக்கும், தொட்டா ஒட்டிக்கிட்டு அடிக்கும். பெட்டி ஆளைத் தின்னுற உலகத்துல, குன்று மேல 30 அடிக்கு வெள்ளையா, உச்சி கூரா ஒண்ணு அசையாம நிக்குதுன்னா நீங்க என்ன செய்வீங்க? நானா இருந்தாலும் வில்லைத்தான் எடுப்பேன்.

அடுத்து மாஸ்டர் பக்கம் வருவோம். அவர் சொன்ன பதில் ஒண்ணுகூடப் பொய் இல்ல. நிறம் சரி, தூரம் சரி, அளவு சரி. ஆனா அந்த எண்களை எல்லாம் ஒரு டிராகனுக்கு மாட்டிப் பாருங்க, அளவெடுத்துத் தெச்ச மாதிரி பொருந்தும். முதல் வருஷம் எஞ்சினியரிங் டிராயிங் போட்டோமே, ஞாபகம் இருக்கா? எல்லா டைமன்ஷனும் எழுதி, கீழே டைட்டில் பிளாக்கைக் காலியா விட்டா எப்படி இருக்கும்? மாஸ்டர் கொடுத்தது அப்படி ஒரு டிராயிங்.

அவர் முழிச்சுக்க வேண்டிய இடமும் தெளிவா இருக்கு. ஒரு மண்டபம் நல்லதா கெட்டதா என்று எவனாவது சோதிப்பானா? அந்தக் கேள்வி வந்த நொடியே, இவன் மண்டைக்குள்ள ஓடுற படம் வேற, நம்ம மண்டைக்குள்ள ஓடுற படம் வேற என்று தெரிஞ்சிருக்கணும். வார்த்தை தெரிஞ்சவர் அவர். கோணலான கேள்வி வருதுன்னு பார்க்க முடிஞ்சவரும் அவர்தான். அவர் செஞ்சது என்ன? அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். பிறகு சத்தமாச் சொன்னார். பிறகு கோவமாச் சொன்னார். "நாலு தூண், மேல ஒரு கூரை" என்று ஒரு தடவை சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

இது ஏதோ அமெரிக்காக்காரன் மேஜையில 50 வருஷம் முன்ன நடந்த கூத்து, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. நம்ம லேப்ல வாரா வாரம் நடக்குது.

ஆபரேட்டிங் சிஸ்டம் லேப்ல என் பக்கத்து சிஸ்டத்துல நடந்தது இது. ஃபோர்க் போட்டு சைல்ட் ப்ராசஸ் உருவாக்குற எக்ஸர்சைஸ். பையன் லிஸ்ட் எடுத்துப் பார்த்தா ஒரு ப்ராசஸ் பக்கத்துல 'இசட்' என்று எழுத்து நிக்குது. கில் மைனஸ் 9 அடிச்சான். போகல. திரும்ப அடிச்சான். போகல. லேப்ல உதவிக்கு இருந்தவரைக் கூப்பிட்டு, "சார், இது சாக மாட்டேங்குது" என்றான். அவர் எட்டிப் பார்த்து, "அது ஜாம்பிப்பா" என்று சொல்லிட்டு நகர்ந்துட்டார். பையன் இன்னும் நாலு தடவை அடிச்சுட்டு, சூடோ போட்டு அடிச்சான். "சார், ரூட்ல அடிச்சாலும் சாகல." தூரத்துல இருந்தே பதில் வந்தது: "அதான் சொன்னேனே, ஜாம்பி!"

பாருங்க, மந்திர அம்பு! சூடோன்னா நம்ம ஊர் மந்திர அம்புதானே.

ஜாம்பி ப்ராசஸ் என்பது ஏற்கெனவே செத்த ப்ராசஸ். வேலை முடிஞ்சு போயாச்சு. அதோட முடிவு நிலவரத்தை பேரன்ட் ப்ராசஸ் வந்து வெயிட் கால் போட்டு வாங்கிக்கல, அதனால டேபிள்ல பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. செத்ததை எத்தனை தடவை சுட்டாலும் சாகாது. பேரன்ட்டைக் கவனிக்கணும். சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. "ஜாம்பி" என்ற ஒத்த வார்த்தையில இது எல்லாம் அடங்கியிருக்குன்னு தெரிஞ்சவருக்குத் தெரியும். சினிமாவுல மட்டும் ஜாம்பி பார்த்தவனுக்கு, அது இன்னும் பலமா அடிக்க வேண்டிய எதிரி. அவன் அடிச்சதுல என்ன தப்பு?

இன்னும் ஒண்ணு. அந்த வரிசையில ஜாம்பின்னா என்னன்னு தெரிஞ்ச நாலு பேராவது இருந்தாங்க. ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தன் ஃபோன் எடுத்து வீடியோ எடுத்தான். எரிக் கதையிலும் இதே கோஷ்டி உண்டு. கசீபோ தெரிஞ்சவங்க மேஜையைச் சுத்தி இருந்தாங்க. பேலடின் செத்து முடியுற வரைக்கும் ரசிச்சுட்டு, அப்புறம்தான் அர்த்தம் சொன்னாங்க. 'மன்ச்கின்' என்று ஒரு கார்டு கேம் இருக்கு, இந்தக் கதையை வெச்சு அதுல கசீபோ ஒரு ராட்சசனாவே வருது. அந்த அட்டைக்குன்னு ஒரு விதி உண்டு: கசீபோ வந்தா வேற யாரும் உங்களுக்கு உதவக் கூடாது, தனியாத்தான் எதிர்கொள்ளணும். கேலிக்குப் போட்ட விதிதான். ஆனா வகுப்புல ஒரு வார்த்தை புரியாம உட்கார்ந்திருக்கிறவனோட நிலைமையை இதைவிடச் சரியா யாரும் சொல்லல.

அப்போ வேற எப்படித்தான் ஆடுறது? எங்க ஹாஸ்டல்ல நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்றேன். எங்க மாஸ்டர் சிவகங்கைப் பக்கத்துப் பையன். கதையை முழுக்கத் தமிழ்ல ஓட்டுவான், ராஜா காலத்துப் பாதை, சத்திரம், கள்ளர் பயம் எல்லாம் வரும். அன்னிக்கு ராத்திரி காட்டுப் பாதையில எங்க கூட்டம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகுது. அவன் குரலைத் தாழ்த்தி, "வளைவு திரும்புறீங்க. நிலா வெளிச்சம். பாதையோரத்துல ஒரு சுமைதாங்கி நிக்குது" என்றான்.

எங்க பேலடின் சென்னையில பிறந்து, வளர்ந்து, இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். "நம்மளப் பாத்துருச்சா?"

மாஸ்டர், "பாக்காது."

"அப்ப தூங்குதா? கையில ஆயுதம் ஏதாவது?"

எரிக்கோட மாஸ்டரா இருந்தா இந்த இடத்துல "டேய், அது சுமைதாங்கிடா!" என்று கத்தியிருப்பார். இவன் கதையை நிறுத்தினான். "இருடா. சுமைதாங்கின்னு சொன்னதும் உனக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லு."

"பெரிய ஆளு. பூதம் மாதிரி. தோள்ல மூட்டை."

மேஜையே விழுந்து விழுந்து சிரிச்சது. அவனும் சிரிச்சான். மாஸ்டர் ரெண்டு புத்தகத்தைச் செங்குத்தா நிறுத்தி, மேல ஒரு ஸ்கேலைக் குறுக்க வெச்சுக் காட்டினான். ரெண்டு கல் நட்டு, மேல ஒரு கல் குறுக்க. தலைச்சுமையோட நடந்து வர்றவங்க, இறக்கி வைக்க இன்னொரு ஆள் தேவைப்படாம, நின்ன வாக்குலயே சுமையைச் சாய்ச்சு வெச்சு இளைப்பாறலாம். வயித்துல பிள்ளையோட இறந்துபோன பெண்களோட நினைவா அதை நட்டு வைக்கிற வழக்கம் உண்டு, எங்க ஊர் ரோட்டோரம் இன்னும் ஒண்ணு நிக்குது என்றான். ஒரு நிமிஷம் யாரும் பேசல. மேஜையில இருந்த அஞ்சு பேர்ல, என்னையும் சேர்த்து மூணு பேருக்கு அந்த வார்த்தை அன்னிக்குத்தான் தெரிஞ்சது. கேள்வியை வாய்விட்டுக் கேட்டவன் பேலடின் ஒருத்தன்தான்.

ஆட்டம் தொடர்ந்தது. பெட்டியைச் சுமைதாங்கி மேல வெச்சுட்டு, கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சு கள்ளர்களை மடக்கினோம். பேலடினுக்குப் பகடையில 19 விழுந்தது. யாரும் சாகல. செலவு மூணு நிமிஷம்.

இதுல எனக்குப் பிடிச்சது, மாஸ்டர் கேட்ட கேள்வி. "புரிஞ்சுதா?" என்று கேட்கல. "உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டான். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் பெரிசு. "புரிஞ்சுதா" என்றால் எரிக்கூட "புரிஞ்சுது" என்றுதான் சொல்லியிருப்பான். அவன் மனசுல ஒரு முழுப் பிராணி நின்னுட்டு இருந்ததே! நம்ம வகுப்புல 60 பேர் சேர்ந்து "எஸ் சார்" என்கிறோமே, அதுல எத்தனை கசீபோ பல்லைக் காட்டிட்டு நிக்குதோ.

எதிர்வாதம் வரும், தெரியும். "காலேஜ் வந்தாச்சு, ஒவ்வொரு வார்த்தைக்கும் விளக்கம் சொல்ல முடியுமா? கையில ஃபோன் இருக்கு, தேடிப் பார்த்துக்க வேண்டியதுதான்." பாதி நியாயம். தெரியாதுன்னு தெரிஞ்ச வார்த்தையைத் தேடலாம், தேடணும். தெரியும் என்று நினைச்சுட்டு இருக்கிற வார்த்தையை யார் தேடுவா? ஒர்க்‌ஷாப்ல "ஃபைல் எடு" என்றால் அரத்தைத்தான் சொல்றாங்கன்னு தெரியாதவன், பேக்கைத் திறந்து ரெக்கார்டு நோட்டைத்தான் எடுப்பான். ஃபைல் என்ற வார்த்தை அவனுக்கு நல்லாத் தெரியுமே! பஸ், டிரைவர், கிரவுண்ட், மொமென்ட், ஸ்ட்ரெஸ் என்று நம்ம படிப்புல பாதி வார்த்தைகள் தெரிஞ்ச முகத்தோடதான் வருது. கண்டுபிடிக்க ஒரே வழி, பக்கத்துல இருக்கிற தெரிஞ்சவன், கேள்வியோட கோணலைக் கவனிக்கிறது.

இங்கிலீஷ் தெரியாதவங்க பிரச்சினை மட்டும்தான் இது என்று ஒதுக்கவும் முடியாது. சுமைதாங்கியில மாட்டினவன் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறவன். ஆனா அடி அதிகமா யாருக்கு விழுது என்பதையும் மறைக்கக் கூடாது. 2021-லிருந்து பொறியியல் சேர்க்கையில அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுல வர்றவங்க பல பேர் ஸ்கூல்ல எல்லாத்தையும் தமிழ்ல படிச்சு, நல்ல மார்க் எடுத்தவங்க. தகைவு, திரிபு தெரிஞ்சவனுக்கு ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் ரெண்டு நாள் வேலை. கான்செப்ட் ஏற்கெனவே இருக்கு, பேர்தான் புதுசு. ஆனா முதல் மாசம் ஒரு கோணலான கேள்வி கேட்டு, வகுப்பே சிரிச்சுட்டா, அடுத்த நாலு வருஷம் அவன் வாயைத் திறக்க மாட்டான். எரிக் எவ்வளவோ பரவாயில்ல, அவன் செத்தது ஒரு பேப்பர் பேலடின். இங்க சாகுறது அரியர் பேப்பரா வந்து நிக்கும்.

அதனால ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்கு. இந்த வருஷம் நாமதான் மாஸ்டர் சீட்ல இருக்கோம். கிளப்ல ஜூனியருக்குச் சொல்லித் தர்றது நாம, ப்ராஜெக்ட்ல அவங்களை இழுத்துப் போடுறது நாம, லேப்ல "அண்ணா, இது ஓட மாட்டேங்குது" என்றால் எட்டிப் பார்க்குறதும் நாம. "புரிஞ்சுதா?" என்பதை விட்டுட்டு "உனக்குப் புரிஞ்சதைச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்க. அதே வார்த்தையை ரெண்டாவது தடவை சொல்ல வாய் வந்தா, நிறுத்தி, அது என்னன்னு படமா சொல்லுங்க, தமிழ்ல வந்தா தமிழ்லயே சொல்லுங்க. பேனா, ஸ்கேல், டப்பா, கையில கிடைச்சதை வெச்சுக் காட்டுங்க. பக்கத்து சிஸ்டத்துல எவனாவது சூடோ போட்டுச் செத்ததைச் சுட்டுட்டு இருந்தா, வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. அப்புறம் சேர்ந்து சிரிச்சுக்கலாம், அவனும் சிரிப்பான்.

யாராவது உங்ககிட்ட கோக்குமாக்கா ஒரு கேள்வி கேட்டா, சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நொடி. இது எந்த உலகத்துல நியாயமான கேள்வியா இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. அவன் அந்த உலகத்துலதான் நின்னுட்டு இருக்கான், கையில வில்லோட.